தெருக்கூத்து ஷூட்: படத்தில் பட்டை ஓடுது, சவுண்ட் விலகுது (விஸ்காம் செமஸ்டர் படம்)

பாலக்கோடு_விஸ்காம்:
வணக்கம். தர்மபுரியில் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) இரண்டாம் வருஷம் படிக்கிறேன். செமஸ்டருக்கு 8 நிமிட ஆவணப்படம், மூன்று பேர் குழு. பாலக்கோடு பக்கம் திரௌபதி அம்மன் கோயிலில் நடக்கும் பாரதக் கூத்துதான் பொருள். சோதனைக்கு ஒரு ராத்திரி எடுத்துப் பார்த்ததில் மூன்று சிக்கல்.

எல்இடி போகஸ் லைட் வெளிச்சத்தில் கருப்புப் பட்டை மேலும் கீழும் ஊர்கிறது. போனில் எடுத்த 40 நிமிட கிளிப்பை ரெக்கார்டர் ஆடியோவோடு சேர்த்தால் ஆரம்பத்தில் பொருந்துகிறது, கடைசியில் ஒரு விநாடி தள்ளிப்போகிறது. முகவீணை (கூத்தில் ஊதும் சின்னக் குழல்) உச்சத்துக்குப் போனாலே சவுண்ட் கிழிகிறது.

கையில் இருப்பது காலேஜ் கேமரா (ஏபிஎஸ்-சி அளவு சென்சார், கூடவே வந்த 18-55 எம்எம் கிட் லென்ஸ்), ஒரு போன், 3.5 எம்எம் சாக்கெட் உள்ள சின்ன ரெக்கார்டர். செட்டிங் விநாடிக்கு 24 பிரேம், ஷட்டர் 1/60 விநாடி, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 3200. இந்தப் படத்தைக் காட்டி பூனா, தரமணி சினிமாக் கல்லூரிகளுக்குப் போக முடியுமா என்றும் சொல்லுங்கள்.

லைட்மீட்டர்:
தம்பி, பட்டைக்குக் காரணம் அந்த 1/60. நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால் விளக்கு விநாடிக்கு 100 தடவை ஏறி இறங்குகிறது. ஷட்டரை 1/50 வைத்தால் ஒவ்வொரு பிரேமிலும் சரியாக இரண்டு துடிப்பு, 1/100 வைத்தால் ஒன்று. 1/60-இல் ஒன்றரைக்குக் கொஞ்சம் மேலே விழும், மிச்சம்தான் பட்டையாக ஊர்கிறது. 25 பிரேம், 1/50 என்று பூட்டிவிடுங்கள். போனிலும் அதே. போனின் சொந்த கேமரா ஆப் ஷட்டரைப் பூட்ட விடவில்லை என்றால் மேனுவல் ஆப் ஒன்று போடுங்கள்.

திருவிழாவில் ஜெனரேட்டர் ஓடினால் கணக்கு மாறும். லோடு ஏறி இறங்க அது 50-ஐ விட்டு நகரும், 1/50-இலும் பட்டை மெதுவாக ஊரும். கேமராவில் ஷட்டரை நுணுக்கமாக மாற்றும் வசதி இருந்தால் 49, 50, 51 என்று நகர்த்தி, திரையில் பட்டை மறையும் இடத்தில் விடுங்கள். சீரியல் செட் பல்புகளை மட்டும் எதுவும் செய்ய முடியாது, பிரேமுக்கு வெளியே தள்ளுங்கள்.

கிட் லென்ஸை 55-க்கு இழுத்தால் எஃப்5.6 தான் கிடைக்கும். யாரிடமாவது 50 எம்எம் எஃப்1.8 வாங்கி எஃப்2.8-இல் வையுங்கள். இரண்டு ஸ்டாப் (நாலு மடங்கு வெளிச்சம்) லாபம், ஐஎஸ்ஓ 3200 என்பது 800 ஆகிவிடும். கிரீடத்திலும் புஜகீர்த்தியிலும் (தோள் அணி) ஒட்டிய கண்ணாடிச் சில்லு படத்தில் வெள்ளையாய் வெடிக்கத்தான் செய்யும், அதற்குப் பயந்து எக்ஸ்போஷரை இறக்காதீர்கள். அரிதாரம் பூசிய முகத்தைப் பார்த்து வையுங்கள். ஒயிட் பேலன்ஸ் ஆட்டோவில் வேண்டாம், மேடை வெளிச்சத்தில் வெள்ளைத் தாளைக் காட்டிப் பூட்டுங்கள். வேட்டியைக் காட்டாதீர்கள், சொட்டுநீலம் போட்ட வேட்டி படத்தை மஞ்சளாக்கும்!

பூம்ராடு:
சவுண்ட் விலகுவதற்குப் பெரும்பாலும் போன்தான் காரணம். வெளிச்சம் குறைந்தால் அது பிரேம் எண்ணிக்கையைத் தானே 30, 28, 24 என்று மாற்றிக்கொள்ளும். எடிட்டிங் சாப்ட்வேர் அதைச் சீரான வேகம் என்று நம்பி அடுக்கும்போது விலகல் சேர்ந்துகொண்டே போகும். டைம்லைனில் போடும் முன் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் சாப்ட்வேரில் "கான்ஸ்டன்ட் பிரேம் ரேட்" (மாறாத பிரேம் எண்ணிக்கை), 25 என்று கொடுத்து மாற்றுங்கள். ரெக்கார்டர் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் இருக்கட்டும்.

இதையெல்லாம் செய்தும் கொஞ்சம் விலகும். இரண்டு கருவியின் கடிகாரமும் ஒன்றல்ல. பத்து லட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் இருந்தாலே ஒரு மணி நேரத்தில் 0.07 விநாடி, 25 பிரேமில் கிட்டத்தட்ட 2 பிரேம். அதனால் கேமராவையும் போனையும் 40 நிமிடம் ஒரே மூச்சாக ஓடவிடாமல், ஒவ்வொரு வேஷத்துக்கும் திரை பிடிக்கும்போது நிறுத்தி, மறுபடி கிளாப் அடித்துத் தொடங்குங்கள். ரெக்கார்டரை நிறுத்தவே வேண்டாம். 2 ஜிபி ஆனதும் அதுவே கோப்பை உடைத்துக்கொள்ளும், இந்த செட்டிங்கில் ஸ்டீரியோவுக்கு அது ஏறக்குறைய 2 மணி நேரம்.

முகவீணை கிழிவதற்கு முதலில் ஆட்டோ லெவலை அணையுங்கள். கூத்து தொடங்கும் முன் முகவீணைக்காரரை உச்சத்தில் ஒரு தடவை ஊதச் சொல்லி, அந்த இடம் மீட்டரில் -12 டிபியைத் தொடும்படி கெயின் (பதிவு அளவு) வையுங்கள்.

இன்னும் நல்ல வழி மைக்செட்காரரிடம் இருக்கிறது. மிக்சரில் "ரெக் அவுட்" என்று சிவப்பு, வெள்ளைச் சாக்கெட் இருக்கும். அதிலிருந்து 3.5 எம்எம் கேபிள். ஸ்பீக்கர் அவுட்டில் எக்காரணம் கொண்டும் செருகாதீர்கள், ரெக்கார்டர் அங்கேயே போய்விடும். கெயினைச் சுத்தமாக இறக்கியும் கிழிகிறது என்றால் உள்ளே வரும் சிக்னலே அதிகம், நடுவில் சிக்னலைக் குறைக்கும் 20 டிபி அட்டென்யுவேட்டர் கேபிள் வேண்டும். "ம்ம்ம்" என்று இரைந்தால் ரெக்கார்டரைச் சார்ஜரிலிருந்து கழற்றி பேட்டரியில் ஓட்டுங்கள்.

ஆனால் அந்த லைனில் மைக் பிடித்தது மட்டும்தான் வரும். சலங்கை இருக்காது, ஜனங்கள் சிரிப்பது இருக்காது, கட்டியக்காரன் (கூத்தின் கோமாளி) கீழே இறங்கிப் பேசுவது இருக்காது. கூத்துக்கு உயிரே அதில்தான். அதற்காகவே போனை மேடை ஓரத்தில் வையுங்கள், அதன் படம் வீணானாலும் பரவாயில்லை.

பேப்பர்_எடிட்:
ராத்திரி 10 மணியிலிருந்து விடியும்வரை எடுத்தால் 8 நிமிடப் படத்துக்கு மூன்று மாதம் எடிட் செய்வீர்கள். ஒரே ஒரு வேஷக்காரரைப் பிடித்துக்கொள்ளுங்கள். 7 மணிக்கு அவர் அரிதாரம் பூசி, கட்டை (மர அணிகள்) கட்டுவது, திரைக்குப் பின்னால் நிற்பது, முதல் அடவு, அதிகாலை 3 மணிக்குத் தூங்கி வழியும் கூட்டம், வேஷம் கலைப்பது. பேட்டியை அதே ராத்திரி கேட்காதீர்கள், தொண்டை போயிருக்கும். இரண்டு நாள் கழித்து வீட்டுக்குப் போங்கள். ஃபேனை அணைத்து, மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் கீழே வைத்து, பேச்சு முடிந்ததும் அறையின் வெறும் சத்தத்தை 30 விநாடி எடுங்கள். வெட்டிய இடங்களை ஒட்ட அதுதான் உதவும். ஆட்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள்.

மேல்படிப்பு பற்றி: பூனா எஃப்டிஐஐயின் (இந்தியத் திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனம்) இயக்கம், ஒளிப்பதிவு, எடிட்டிங் படிப்புகள் 3 வருஷம், பட்டம் முடித்தவர்களுக்கு. நுழைவுத் தேர்வு உண்டு. தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனத்தில் +2-வுக்குப் பிறகான 4 வருஷப் பட்டம். விஸ்காம் முடித்துவிட்டு அங்கே போனால் மறுபடி முதல் வருஷம்தான். உங்களுக்குப் பூனா, கொல்கத்தா (சத்யஜித் ராய் திரைப்பட நிறுவனம்) பொருந்தும்.

பாலக்கோடு_விஸ்காம்:
ரொம்ப நன்றி அண்ணா. ஒரே 64 ஜிபி கார்டுதான் இருக்கிறது, போதுமா?

லைட்மீட்டர்:
வீடியோ பதிவு விநாடிக்கு 50 மெகாபிட் என்றால் மணிக்கு 22.5 ஜிபி, கார்டு இரண்டே முக்கால் மணி நேரம் தாங்கும். 100-இல் வைத்தால் அதில் பாதி. இன்னொரு கார்டு வாங்குங்கள். நடுராத்திரி லேப்டாப்பில் காப்பி செய்து முதல் கார்டை அழிக்கும் யோசனை வேண்டாம், தூக்கக் கலக்கத்தில் காப்பி ஆகாத கார்டை அழிப்பார்கள். நிரம்பிய கார்டின் ஓரத்தில் உள்ள பூட்டை (அழியாமல் காக்கும் சின்ன சுவிட்ச்) தள்ளிவிட்டு, உறைமேல் எண் எழுதி வையுங்கள். காலையில் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, திறந்து பார்த்த பிறகு அழிக்கலாம்.