ட்ரெய்லர் மாட்டும்போது வண்டியின் முன் சக்கரத்தையும் பாருங்கள்

புது நாட்டுக்கு வந்து, வண்டி வாங்கி, இப்போது ட்ரெய்லரும் இழுக்கலாம் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ட்ரெய்லரை மாட்டியதும் வண்டியின் பின்பக்கம் தாழ்வது உடனே கண்ணில் படும். ஆனால் கவலைப்பட வேண்டியது முன்பக்கத்தைப் பற்றி.

ஒரு கணக்கு போடுவோம். சரக்கோடு சேர்த்து 2000 கிலோ உள்ள ட்ரெய்லரின் மூக்கு, ஹிட்ச்சை (வண்டியின் பின்னால் ட்ரெய்லரை மாட்டும் இணைப்பு) 250 கிலோ எடையோடு அழுத்துகிறது. வண்டியின் இரண்டு அச்சுகளுக்கும் இடையே 3 மீட்டர், ட்ரெய்லர் மாட்டும் ஹிட்ச் குண்டு பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் இருக்கிறது என்றால், கடப்பாரையால் நெம்பியது போல பின் அச்சில் 350 கிலோ கூடிவிடும், முன் அச்சில் 100 கிலோ குறைந்துவிடும். ஸ்டியரிங்கும் பெரும்பகுதி பிரேக்கும் முன் சக்கரங்களை நம்பித்தான் இருக்கின்றன, மழையில் சட்டென்று பிரேக் போடும்போது அந்த 100 கிலோவின் அருமை தெரியும்.

எடையைப் பகிரும் ஹிட்ச் இதே நெம்பலைத் திருப்பிச் செய்கிறது. ஹிட்ச் தலையிலிருந்து ட்ரெய்லர் சட்டத்தின் அடியில் நீளும் இரண்டு ஸ்பிரிங் கம்பிகளைச் சங்கிலியாலோ தாங்கியாலோ மேல்நோக்கி வளைத்துப் பூட்டுவார்கள், அந்த விறைப்பில் கொஞ்சம் எடை முன் அச்சுக்கும் கொஞ்சம் ட்ரெய்லரின் அச்சுக்கும் போய்ச் சேரும்.

சரியாக அமைந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு அளவு டேப் போதும். சமதரையில் நிறுத்தி, முன் சக்கரத்துக்கு மேலே மட்கார்ட் விளிம்பின் உயரத்தை மூன்று முறை அளந்து எழுதுங்கள்: மாட்டுவதற்கு முன், மாட்டிய பின், கம்பிகளைப் பூட்டிய பின். மாட்டியதும் கூடின உயரத்தில், கம்பிகளைப் பூட்டிய பின் எவ்வளவு இறங்க வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டில் பாருங்கள். சில வண்டிகளில் இந்த ஹிட்ச்சே கூடாது என்று அதிலேயே எழுதியிருக்கும். அளவுக்கு மீறி இறுக்கினால் பின் சக்கரங்கள் லேசாகிவிடும், அதுவும் ஆபத்துதான்.

இந்த ஹிட்ச்சை மாட்டினால் வண்டி இன்னும் அதிக எடை இழுக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், வண்டியின் இழுவை வரம்பு அப்படியேதான் இருக்கும். ட்ரெய்லரின் பின்பகுதியில் சரக்கைக் குவித்து அது வாலாட்டினாலும் முதலில் சரக்கை முன்னுக்கு நகர்த்துங்கள், ஹிட்ச்சை வைத்து அந்தத் தப்பை மூடப் பார்க்காதீர்கள்.

அப்புறம், கழற்றும்போது, கப்ளர் (ட்ரெய்லர் மூக்கில் குண்டைக் கவ்வும் பூட்டு) குண்டில் பூட்டியிருக்கும்போதே மூக்கு ஜாக்கியால் ட்ரெய்லரையும் வண்டியின் பின்பக்கத்தையும் சேர்த்துத் தூக்கி, கம்பிகளின் விறைப்பு தளர்ந்த பிறகே அவற்றை எடுங்கள். விறைப்போடு இருக்கும் கம்பி தெறித்தால் கை எலும்பு முறியும்.