டேங்க் நிறைய பெட்ரோல், முள் பாதியில் நிற்கிறது (1972 எம்ஜிபி)

ரெண்டுசீட்டு:
இங்கிலாந்தில் இருக்கிறேன், வண்டி 1972 எம்ஜிபி ரோட்ஸ்டர், பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். போன மாதம் பழைய டேங்க் துருப்பிடித்து ஒழுகியதால் புதுசு போட்டு, அப்படியே பின்பக்கம் முழுக்க பெயிண்டும் அடித்து வாங்கினேன். அன்றிலிருந்து பெட்ரோல் கேஜ் சரியில்லை. வாய் வரை நிரப்பினாலும் முள் பாதியைத் தாண்டாது, கால் டேங்க் இருக்கும்போது காலி என்கிறது. டேங்குக்குள் மிதந்து பெட்ரோல் அளவைக் கேஜுக்குச் சொல்லும் ஃப்ளோட் யூனிட்டும் புதுசுதான், டேங்கோடு சேர்த்து மாற்றியது. இன்னொரு வேடிக்கை, ராத்திரியில் லைட் போட்டால் முள் இன்னும் கொஞ்சம் கீழே சாய்கிறது. மீட்டர் போர்டைக் கழற்றச் சொல்கிறார்கள், எனக்கு அதில் கை வைக்கவே பயமாக இருக்கிறது.

பழைய_இரும்பு:
ஸ்டெபிலைசர் போயிருக்கும். இந்தக் கேஜுக்கு 12 வோல்ட் நேராகப் போகாது, டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு சின்ன டப்பா அதை வெட்டி வெட்டி சராசரியாக 10 வோல்ட் ஆக்கிக் கொடுக்கும். டெம்பரேச்சர் முள்ளும் தப்பாகக் காட்டுகிறதா பாருங்கள், ரெண்டும் தப்பு என்றால் சந்தேகமே வேண்டாம். எலக்ட்ரானிக் ஸ்டெபிலைசர் கிடைக்கிறது, விலையும் குறைவுதான்.

வயர்மேன்:
அண்ணா, அந்த டெம்பரேச்சர் சோதனை இந்த வண்டிக்குப் பொருந்தாது. அங்கே விற்ற 72 மாடலில் ஆயில் பிரஷரும் டெம்பரேச்சரும் ஒரே கேஜில் இருக்கும், ரெண்டுக்கும் கரண்டே கிடையாது, குழாய் வழியாக வேலை செய்பவை. ஸ்டெபிலைசரின் எர்த் (பாடி வழியாக பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பு) விட்டுப்போனால் முழு 12 வோல்ட்டும் போய் முள் அதிகமாகத்தான் காட்டும், இவருக்குக் குறைவாகக் காட்டுகிறது.

தம்பி, நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் சொன்ன லைட் விஷயம்தான் எனக்கு உறுத்துகிறது. இந்தக் கேஜ் ஃப்ளோட் யூனிட்டின் ரெசிஸ்டன்ஸைத்தான் படிக்கிறது: டேங்க் நிறைந்தால் ரெசிஸ்டன்ஸ் குறைவு, காலியானால் அதிகம். எர்த் சரியாக இல்லாவிட்டால் அந்த இடத்தில் கூடுதல் ரெசிஸ்டன்ஸ் ஏறிக்கொள்ளும், பெட்ரோல் குறைந்ததாகக் கேஜ் நினைத்துக்கொள்ளும். டெயில் லைட்டும் அதே எர்த்தில் சேர்ந்திருந்தால், அதைப் போட்டதும் அங்கே வோல்டேஜ் ஏறி முள் இன்னும் சாயும். பெயிண்ட் அடித்தேன் என்கிறீர்கள் வேறு, அதன் வழியாகக் கரண்ட் போகாது.

மீட்டர் போர்டைத் தொட வேண்டாம். ஃப்ளோட் யூனிட்டையும் கழற்றாதீர்கள், அது டேங்கின் பக்கச் சுவரில் இருக்கிறது, நிறைந்த டேங்கில் திறந்தால் குளிப்பீர்கள். முதலில் இக்னிஷனை அணைத்துவிட்டு, யூனிட்டில் இருக்கும் பச்சையில் கறுப்புக் கோடு போட்ட வயரை உருவி பாடியின் சுத்தமான இரும்பில் கட்டுங்கள். கட்டிய பிறகுதான் சாவியைத் திருப்ப வேண்டும், பெட்ரோல் வாடை இருக்கும் இடத்தில் தீப்பொறி கூடாது. முள் மெதுவாகத்தான் ஏறும், பொறுமை வேண்டும், உள்ளே ஒரு தகடு சூடேறி வளைந்துதான் முள்ளைத் தள்ளுகிறது. F-ஐத் தொட்டதும் அணைத்துவிடுங்கள். தொட்டால் கேஜும் அந்த வயரும் நல்லவை. அப்புறம் வயரைப் பழையபடி மாட்டிவிட்டு, யூனிட்டின் உடம்பிலிருந்து பாடிக்குத் தனியாக ஒரு வயர் இழுத்துப் பாருங்கள்.

கோவைக்காரன்:
வயர்மேன் சொல்வது சரி. ஆனால் புது ஃப்ளோட் என்பதால் அது நல்லதாகத்தான் இருக்கும் என்றும் நம்பிவிடாதீர்கள். இப்போது வரும் டூப்ளிகேட்களில் ஃப்ளோட்டைத் தாங்கும் கம்பியின் வளைவே சரியாக இருப்பதில்லை, நான் ஒன்றை மூன்று தடவை வளைத்து மாட்டியிருக்கிறேன்.

ரெண்டுசீட்டு:
இன்று காலை பார்த்தேன். வயரைப் பாடியில் கட்டியதும் முள் அரை நிமிடத்தில் F-க்கு வந்துவிட்டது. சரி, கேஜ் தப்பித்தது என்று அடுத்து மல்டிமீட்டரை எடுத்தேன், யூனிட்டின் உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே லைட் போட்டபடி அளந்தால் 1.4 வோல்ட் காட்டுகிறது. (பேட்டரி சீட்டுக்குப் பின்னால் தரைக்கு அடியில், அதுவும் 6 வோல்ட் பேட்டரி இரண்டு. அங்கே மீட்டர் வயரைக் கொண்டுபோகவே அரைமணி நேரம் ஆனது.) யூனிட்டின் கறுப்பு எர்த் வயரைப் பிடித்துக்கொண்டே போனால் பின்பக்கத்தில் ஒரு போல்ட், அதற்கு அடியில் பளபளவென்று புதுப் பெயிண்ட். எர்த் வளையத்தை அதன் மேலேயே வைத்து முடுக்கியிருக்கிறார்கள்! சுரண்டி, இரும்பு தெரிந்ததும் முடுக்கினேன். முள் முக்காலுக்கு மேல் ஏறிவிட்டது, டெயில் லைட்டும் பிரகாசமாகிவிட்டது, அது மங்கலாக இருந்ததையே இவ்வளவு நாள் கவனிக்கவில்லை. ஆனால் டேங்க் நிறைந்திருக்கிறது, F-க்கு இன்னும் ஒரு விரல் குறைகிறதே?

வயர்மேன்:
அது கோவைக்காரர் சொன்ன கம்பி வளைவு. அதற்காக இப்போது டேங்கைத் திறக்காதீர்கள், பெட்ரோல் தீரும் சமயத்தில் பார்த்துக்கொள்ளலாம். சுரண்டிய இடத்தில் கிரீஸ் தடவினீர்களா? அங்கே இருக்கும் மழைக்கு மறுபடி துரு பிடிக்கும்.

பழைய_இரும்பு:
நல்ல வேளை நான் சொன்னதைக் கேட்டு ஸ்டெபிலைசர் வாங்கவில்லை.

ரெண்டுசீட்டு:
வாங்கிவிட்டேன் அண்ணா, நாளைக்கு வருகிறது.