ஜோர்டன்ஸ் கூட்ட இல்லத்தின் வரலாற்றை எங்கிருந்து தொடங்குவது?

பழஞ்சுவடி எழுதியது:

வழிபாட்டு இடங்களைப் பற்றி நம் குழு தொகுத்து வரும் வரிசையில், இங்கிலாந்தின் பக்கிங்காம்ஷயரில் உள்ள, குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவினரின் வழிபாட்டு இடமான ஜோர்டன்ஸ் கூட்ட இல்லத்துக்கான வரைவைப் படித்தேன். அமெரிக்காவில் பென்சில்வேனியாவை நிறுவிய குவேக்கரான வில்லியம் பென் அடக்கமான இடம் என்றே அது தொடங்குகிறது. அந்த முதல் வரியை மாற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

குருமார் இல்லாமல், பீடமோ பாட்டோ இல்லாமல், மௌனமாக அமர்ந்து, உள்ளத்தில் தூண்டுதல் எழுந்தவர் ஆணாயினும் பெண்ணாயினும் எழுந்து பேசுவதே குவேக்கர்களின் வழிபாடு. ஜோர்டன்ஸில் அந்த மௌனம் கட்டடத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. வில்லியம் ரஸ்ஸல் என்ற விவசாயியின் பண்ணை வீட்டில்தான் அவர்கள் பல ஆண்டுகள் கூடினார்கள். 1664ஆம் ஆண்டின் சட்டம், வீட்டாரைத் தவிர ஐந்து பேரோ அதற்கு மேலோ கூடி அரசுத் திருச்சபையின் முறைக்குப் புறம்பாக வழிபடுவதைக் குற்றமாக்கியது. 1670ஆம் ஆண்டின் சட்டமோ அபராதத்தில் மூன்றில் ஒரு பங்கைக் காட்டிக்கொடுப்பவருக்கு அளித்து, அக்கம்பக்கத்தாரையே உளவாளிகளாக்கியது. அடுத்த ஆண்டே, 1671இல், இவர்கள் அங்கே இடுகாட்டுக்கு நிலம் வாங்கினார்கள். வழிபடக் கட்டடம் எழுப்ப முடியாத காலத்தில் இறந்தவர்களுக்கு இடம் தேடிய அந்த மக்களிடமிருந்துதான் இந்த இல்லத்தின் கதை தொடங்க வேண்டும். பென் அங்கே குடியிருந்தவரும் அல்லர். அவர் 1718இல் பெர்க்ஷயரின் ரஸ்கம்பில் இறந்து, இங்கே கொண்டுவந்து புதைக்கப்பட்டவர்.

கல்தச்சன் எழுதியது:

பழஞ்சுவடி அவர்களின் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் பென்னை வெளியூரிலிருந்து வந்த சவமாக மட்டும் காட்டுவது நியாயமில்லை. அவருடைய முதல் மனைவி குலியெல்மா இந்தச் சபையின் மடியிலேயே வளர்ந்தவர்; அவருடைய தாய் மேரியும் மாற்றாந்தந்தை ஐசக் பெனிங்டனும் இந்தப் பகுதிக் குவேக்கர்களுக்குத் தூண்களாக இருந்தவர்கள். குலியெல்மா 1694இல் இறந்து இதே மண்ணில் அடக்கமானார். இரண்டாம் மனைவி ஹன்னாவும் பிள்ளைகளில் பலரும் இங்கேதான் இருக்கிறார்கள். குலியெல்மா இறந்து 24 ஆண்டுகளுக்குப் பிறகு பென்னை இங்கே கொண்டுவந்தது தற்செயல் அன்று. தன் குடும்பத்தாரிடம் அவரைச் சேர்த்தார்கள்.

கட்டடத்தையும் பாருங்கள். அது எழுந்த ஆண்டு 1688. வழிபாட்டு உரிமையை நாடாளுமன்றம் சட்டமாக்கியதோ 1689இல்தான். அப்படியானால் முந்தைய ஆண்டிலேயே இவர்களுக்குச் செங்கல் அடுக்கத் துணிவு வந்தது எப்படி? அரசுத் திருச்சபைக்கு வெளியே வழிபடுவோரைத் தண்டிக்கும் சட்டங்களை நிறுத்திவைத்து, 1687இல் இரண்டாம் ஜேம்ஸ் அரசர் வெளியிட்ட சகிப்பு அறிவிப்பே காரணம். அந்த அரசருக்கு நெருக்கமாக இருந்து, சிறையில் வாடிய குவேக்கர்களுக்காகப் பேசியவர் பென். கத்தோலிக்க அரசரோடு உறவாடினார் என்பதற்காக, அரசர் நாட்டைவிட்டு ஓடிய பிறகு அவர் மீண்டும் மீண்டும் கைதானதையும் மறக்கக்கூடாது. அந்த அரசியல் இல்லாமல் அந்தச் சுவர்கள் அந்த ஆண்டில் எழுந்திருக்க மாட்டா.

பழஞ்சுவடி எழுதியது:

1687ஆம் ஆண்டின் அறிவிப்பைப் பற்றி கல்தச்சன் சொன்னதை ஏற்கிறேன். வரைவில் அது விடுபட்டிருப்பது குறைதான். ஆனால் சிறைக்கதவு திறந்ததற்குப் பென்னை நினைக்கும்போது, அந்தச் சிறைக்குள் இருந்தவர்களை யார் நினைப்பது? ஐசக் பெனிங்டன் ஆறு முறை சிறை சென்றார். சால்ஃபான்ட் செயின்ட் பீட்டரில் இருந்த வீட்டையும் இழந்தார். இந்தப் பகுதிக் குவேக்கரான தாமஸ் எல்வுட், கண்பார்வை இழந்த கவிஞர் மில்டனுக்கு லத்தீன் நூல்களை வாசித்துக் காட்டியவர். 1665இல் லண்டனில் கொள்ளைநோய் பரவியபோது, மில்டன் தங்குவதற்குச் சால்ஃபான்ட் செயின்ட் ஜைல்ஸில் வீடு பார்த்துக் கொடுத்தவரும் அவரே. ஆனால் மில்டன் வந்து சேர்ந்தபோது வரவேற்க எல்வுட் இல்லை. அமர்ஷமில் ஒரு குவேக்கரின் சவ ஊர்வலத்தில் நடந்து சென்ற குற்றத்துக்காக அவரைப் பிடித்துச் சிறையில் அடைத்திருந்தார்கள். இறந்தவரைத் தூக்கிச் செல்வதே குற்றமாக இருந்த பகுதியில் ஆறே ஆண்டுகளில் ஓர் இடுகாடு உருவானது என்பதைவிட வலுவான தொடக்கம் ஒரு கட்டுரைக்கு வேண்டுமா?

கல்லறைக் கற்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இறந்தவருக்குக் கல் நடுவது வீண் வழக்கம் என்று குவேக்கர்களின் தலைமை அவையான லண்டன் ஆண்டுக் கூட்டம் 1717இல் அறிவுறுத்தியது. அடுத்த ஆண்டு இறந்த பென்னுக்கும் கல் நடப்படவில்லை. எளிய கற்களுக்கு 1850இல்தான் அனுமதி கிடைத்தது. இன்று நாம் காணும் பென் குடும்பக் கற்கள் அதற்குப் பிறகு வைக்கப்பட்டவை. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு அவர் மற்றவர்களைப் போலவே பெயரற்றுக் கிடந்தார். அந்த ஒழுங்கை நாம் முதல் வரியிலேயே கலைக்கிறோம் என்பதே என் வருத்தம்.

கரிசல்மண் எழுதியது:

பென்னை முன்னிறுத்துவதில் இருவரும் தொடாத ஒரு சிக்கல் இருக்கிறது. பென் அடிமைகளை வைத்திருந்தவர். பென்சில்வேனியாவில் அவருடைய பென்ஸ்பரி பண்ணையில் அடிமைகள் உழைத்தார்கள். ஜோர்டன்ஸ் கூட்ட இல்லம் எழுந்த அதே 1688இல், அவருடைய குடியேற்றத்தின் ஜெர்மன்டவுனில் பாஸ்டோரியஸ் உள்ளிட்ட நான்கு பேர், மனிதரை விலைக்கு வாங்குவது தவறு என்று எழுதிக் கையொப்பமிட்டு, தங்கள் சபையின் முன் வைத்தார்கள். அது மாதக் கூட்டத்திலிருந்து காலாண்டுக் கூட்டத்துக்கும், அங்கிருந்து ஆண்டுக் கூட்டத்துக்கும் தள்ளப்பட்டு, முடிவு எடுக்கப்படாமல் ஒதுக்கி வைக்கப்பட்டது. அடிமை வைத்திருப்பதை ஃபிலடெல்ஃபியா ஆண்டுக் கூட்டம் உறுப்பினர்களுக்குத் தடைசெய்தது 1776இல். இடையில் 88 ஆண்டுகள் கடந்திருந்தன. லண்டனில் உள்ள குவேக்கர் தலைமையகமே 2021இல், பென் பெயரில் இருந்த அறைக்கு, அடிமை முறையை எதிர்த்துப் போராடிய பெஞ்சமின் லேயின் பெயரைச் சூட்டியது. அவர்களே தயங்கும் பெயரை நாம் ஏன் கொடிபோல் முதல் வரியில் ஏற்ற வேண்டும்?

கல்தச்சன் எழுதியது:

கரிசல்மண் சொன்னது உண்மை; அது கட்டுரையில் மழுப்பாமல் இடம்பெற வேண்டும். ஆனால் குற்றமுள்ளவரின் பெயரைப் பின்னால் தள்ளினால் அந்தக் குற்றமும் சேர்ந்தே பின்னால் போய்விடும். முதல் பத்தியில் பென் இருந்தால்தான் 1688இன் இரண்டு முகங்களையும் வாசகர் அருகருகே காண்பார்.

இன்னொரு நடைமுறை உண்மையையும் சொல்கிறேன். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தச் சபை மெலிந்து, வழக்கமான வழிபாடு நின்றுபோனது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் மீண்டும் தழைத்தது. இடைப்பட்ட காலத்தில் கதவு சாத்திய எத்தனையோ கிராமக் கூட்ட இல்லங்கள் கைமாறிப் போயின. ஜோர்டன்ஸை உலகம் மறக்காமல் இருந்ததற்குப் பென்னின் பெயரே பெரும் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பழஞ்சுவடி எழுதியது:

பெயர் காக்கும் என்பதை மறுக்கவில்லை. பெயர் இழுத்துக்கொண்டும் போகும். 1881இல் பென்சில்வேனியாவிலிருந்து வந்தவர்கள், பென்னின் எலும்புகளைத் தோண்டி எடுத்து ஃபிலடெல்ஃபியாவில் பெருஞ்சிறப்புடன் அடக்கம் செய்ய அனுமதி கேட்டார்கள். ஜோர்டன்ஸின் பொறுப்பாளர்கள் மறுத்துவிட்டார்கள். அந்த மறுப்பை இந்த இல்லத்தின் வரலாற்றிலேயே மிக அழகான செயல்களில் ஒன்றாக நான் மதிக்கிறேன். 1920இலோ பக்கத்துப் பண்ணையின் களஞ்சியம் 1620இல் ஆங்கிலேயக் குடியேறிகளை அமெரிக்காவுக்கு ஏற்றிச் சென்ற மேஃப்ளவர் கப்பலின் மரங்களால் கட்டப்பட்டது என்று ரெண்டல் ஹாரிஸ் என்ற அறிஞர் அறிவித்தார். உறுதியான சான்று இல்லாத அந்தக் கதையை நம்பியும் மக்கள் திரண்டு வந்தார்கள். புகழ்பெற்ற ஒரு பெயர் இருக்கும் இடத்தில் அடுத்த பெயர் வந்து ஒட்டிக்கொள்வது இப்படித்தான்.

2005 மார்ச்சில் தீப்பிடித்து இல்லத்தின் கூரை எரிந்தபோதும் பழைய செங்கல் சுவர்களும் உட்புற மரவேலைகளும் பெருமளவு தப்பின. சீரமைத்து 2008இல் திறந்தார்கள். திறந்தது நினைவுச்சின்னமாக அன்று. மீண்டும் அதே பலகைகளில் மௌனமாக அமர்வதற்காக.

கல்தச்சன் எழுதியது:

1881ஆம் ஆண்டின் மறுப்பைப் பற்றி நீங்கள் சொன்ன பிறகு என் நிலையை ஓரளவு தளர்த்துகிறேன். முதல் வரி இப்படி இருக்கட்டும்: கூடி வழிபடுவது குற்றமாக இருந்த காலத்தில் ஒரு பண்ணை வீட்டில் கூடிய குவேக்கர்கள், 1671இல் இடுகாட்டு நிலம் வாங்கி, 1688இல் எழுப்பிய கூட்ட இல்லம் இது. பென்னும் 1687ஆம் ஆண்டின் அறிவிப்பும் இரண்டாம் வரியில் வரட்டும். ஜெர்மன்டவுன் மனு மூன்றாம் வரியில் வர வேண்டும். அதைப் பின்குறிப்புக்குத் தள்ள நான் சம்மதிக்க மாட்டேன்.

பழஞ்சுவடி எழுதியது:

சம்மதிக்கிறேன். ஆனால் வரைவின் முகப்பில் இருக்கும் பென்னின் கல்லறைப் படத்தை எடுத்துவிட்டு, கல் எதுவும் இல்லாத அந்தப் புல்வெளியின் படத்தை வைக்க வேண்டும் என்ற கோரிக்கையை மட்டும் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.