சிண்டிக்கை மாற்ற வேண்டுமா? கூட்டத்துக்கு மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள்

அப்பார்ட்மென்ட் கட்டடத்தை உரிமையாளர்கள் சார்பில் நிர்வகிப்பவரைத்தான் பிரான்சில் சிண்டிக் என்கிறார்கள். பாரிஸ் புறநகரில் புதிதாக அப்பார்ட்மென்ட் வாங்கிய நம்மவர்கள் அடிக்கடி கேட்பது இது: "அண்ணா, எங்கள் சிண்டிக் போனே எடுப்பதில்லை. எப்படி மாற்றுவது?" மாற்றலாம். நாங்கள் மாற்றினோம், ஆனால் ஒரு வருடத்தை வீணாக்கிய பிறகு.

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் நான்கு மாதம் ஓடவில்லை. ஐந்தாவது மாடியில் இருக்கும் என் மாமியார் அத்தனை நாளும் தெருவையே பார்க்கவில்லை. அந்தக் கோபத்தோடு உரிமையாளர்களின் வருடாந்தரக் கூட்டத்துக்குப் போய்ச் சத்தம் போட்டோம். நிகழ்ச்சி நிரலில் இல்லாத விஷயத்துக்கு ஓட்டெடுக்க முடியாது என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. நிரலில் இருந்த ஒரே ஒப்பந்தம் பழைய சிண்டிக்குடையது. அதையும் தள்ளிவிட்டால் கட்டடம் கவனிக்க ஆளில்லாமல் நிற்குமே என்று பயந்து அதற்கே கை தூக்கினோம்.

அதனால் முதலில் ஒப்பந்தம் முடியும் தேதியைப் பாருங்கள். அதிகபட்சம் 3 வருடம்தான், தானாகப் புதுப்பிக்கப்படாது. நடுவில் நீக்கப் பெரிய தவறைக் காட்ட வேண்டும், ஆகவே முடியும் சமயத்தைப் பிடிப்பதே சுலபம். அதற்குள் இரண்டு மூன்று சிண்டிக்குகளிடம் ஒப்பந்தம் வாங்குங்கள். 2015 முதல் எல்லோருக்கும் ஒரே மாதிரிப் படிவம் என்பதால் வரிக்கு வரி ஒப்பிடலாம். வருடக் கட்டணத்தை மட்டும் பார்க்காதீர்கள், தனியாகக் கேட்கும் தொகைகளையும் பாருங்கள். பிடித்ததை நிரலில் சேர்க்கச் சொல்லிப் பழைய சிண்டிக்குக்கே ரெக்கமாந்தே (பதிவுத் தபால்) அனுப்புங்கள். ஒரே ஒரு உரிமையாளர் கேட்டாலும் போதும். கூட்ட அழைப்பு 21 நாள் முன்பே வந்துவிடும், அதற்குப் பிறகு அனுப்பினால் அடுத்த கூட்டத்துக்குத்தான் போகும்.

சரி, ஓட்டு. உண்மையான வேலை இதுதான். அடுக்குமாடி உரிமையாளர்களுக்கான 1965 சட்டத்தின் 25வது பிரிவுப்படி, வராதவர்களையும் சேர்த்து மொத்த ஓட்டில் பாதிக்கு மேல் வேண்டும். ஒவ்வொருவருக்கும் கட்டடத்தில் உள்ள பங்கை தாந்தியெம் என்பார்கள், ஓட்டும் அந்தக் கணக்கில்தான். 1000 தாந்தியெம் உள்ள கட்டடத்தில் 501. எங்களுக்குக் கிடைத்தது 412. ஆனாலும் தோற்கவில்லை. மூன்றில் ஒரு பங்கு, அதாவது 334 எட்டிவிட்டால், அதே கூட்டத்தில் உடனே இரண்டாவது ஓட்டு நடத்தலாம். அதில் ஓட்டுப் போடுகிறவர்களிடையே பெரும்பான்மை இருந்தால் போதும்.

அந்த 412 சும்மா வரவில்லை. வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஓட்டு கிடையாது, வீட்டுக்காரர்களோ வேறு ஊரில். பக்கத்து வீட்டுப் போர்த்துகீசிய அம்மாவும் நானும் மூன்று வார இறுதி கதவு கதவாகத் தட்டி, வர முடியாதவர்களிடம் புவ்வார், அதாவது அவர்கள் சார்பில் ஓட்டுப் போடும் அதிகாரக் கடிதம், வாங்கினோம். ஒருவர் 3 புவ்வார் வரை வைத்திருக்கலாம், அதற்கு மேல் என்றால் சொந்த ஓட்டோடு சேர்த்து 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பெயர் எழுதாத வெற்றுத் தாளாக யாரும் அனுப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள்.

மாறிய பின் பழைய சிண்டிக் வங்கி விவரத்தை 15 நாளிலும், ஆவணங்களை ஒரு மாதத்திலும் ஒப்படைக்க வேண்டும். எத்தனை கோபம் இருந்தாலும் சார்ஜ் (கட்டடப் பராமரிப்புக் கட்டணம்) கட்டுவதை மட்டும் நிறுத்தாதீர்கள். அது சிண்டிக்குக்கு அல்ல, கட்டடத்துக்குச் சேர வேண்டிய பணம். அப்புறம், பழைய கணக்குக்குப் போகும் தானியங்கிப் பணத்தை வங்கியில் சொல்லி நிறுத்திவிட்டுப் புதியவர் தரும் கணக்குக்கு மாற்றுங்கள்.