ஆஸ்திரேலியாவின் மின்கட்டணம்: கெடுத்தது பசுமைக் கொள்கையா, அதை எதிர்த்தவர்களா?

கணக்கன்:
2025-க்குள் வீட்டு மின்கட்டணம் ஆண்டுக்கு 275 டாலர் குறையும் என்று சொல்லித்தான் 2022 தேர்தலில் தொழிற்கட்சித் தலைவர் ஆல்பனீஸி ஜெயித்தார். குறைந்ததா? ஏறியது. வலி தெரியாமலிருக்க 300 டாலர் தள்ளுபடி கொடுத்தார்கள், அதுவும் மக்களின் வரிப்பணம்தான். விக்டோரியா மாநிலத்தின் ஹேசல்வுட் நிலக்கரி மின்நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1,600 மெகாவாட். 2016 நவம்பரில் மூடப்போவதாக அறிவிப்பு, 2017 மார்ச்சில் பூட்டு. அந்த இடைவெளியில் மாற்று எங்கிருந்து முளைக்கும்? விக்டோரியாவில் மின்சாரத்தின் மொத்த விலை எகிறியது. உலக உமிழ்வில் ஆஸ்திரேலியாவின் பங்கு ஏறத்தாழ 1 சதவீதம். இங்கே எரிக்கக் கூடாது என்கிற நிலக்கரியைக் கப்பல் கப்பலாக ஜப்பானுக்கும் சீனாவுக்கும் ஏற்றுகிறோம். அங்கே எரித்தால் புகை வராதா?

வெயில்காலன்:
275 ஞாபகம் இருக்கிறது, 550 மறந்துவிட்டதா ஐயா? தொழிற்கட்சி ஆட்சி கார்பன் உமிழ்வுக்கு விதித்த கார்பன் வரியை ஒழித்தால் சராசரிக் குடும்பத்துக்கு வருடம் 550 டாலர் மிச்சம் என்று ஊர் ஊராகச் சொன்னவர் லிபரல் கட்சித் தலைவர் டோனி அபாட். பிரதமரானதும் 2014 ஜூலையில் ஒழித்தும் விட்டார். இறங்கிய கட்டணம் எத்தனை நாள் இறங்கியே இருந்தது? அவருடைய தலைமை உதவியாளராக இருந்த பீட்டா கிரெட்லினே 2017-ல் தொலைக்காட்சியில் சொன்னார்: அது கார்பன் வரியே அல்ல, சட்டைப்பை அரசியலாக மாற்றினோம் என்று. அப்புறம் ஹேசல்வுட்டை எந்தச் சட்டமும் மூடவில்லை. ஐம்பது வயதைத் தாண்டிய நிலையம். பழுது பார்க்கும் செலவு கட்டுப்படியாகாமல் முதலாளிகளே மூடினார்கள்.

கணக்கன்:
விக்டோரியா தொழிற்கட்சி அரசு நிலக்கரி ராயல்டியை, அதாவது நிலக்கரி வெட்ட அரசுக்குக் கட்டும் தொகையை, மூன்று மடங்காக்கியதை மட்டும் லாவகமாகத் தாண்டிவிட்டீர்கள். 2016 செப்டம்பர் 28-ஐயும் தாண்டாதீர்கள். தெற்கு ஆஸ்திரேலியா முழுக்க இருட்டு. காற்றாலையை நம்பிய மாநிலத்துக்குக் கிடைத்த பரிசு.

கம்பிவடம்:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். அந்த மின்வெட்டை இரண்டு தரப்பும் எப்போதும் பாதிதான் சொல்கிறீர்கள். புயலில் உயரழுத்தக் கோபுரங்கள் சாய்ந்தன. மின்னழுத்தம் அடுத்தடுத்துச் சரிந்தது. பல காற்றாலைகளின் பாதுகாப்பு அமைப்பில் ஒரு எண் இருந்தது: இரண்டு நிமிடத்துக்குள் இத்தனை சரிவு வந்தால் விலகிக்கொள் என்று. அந்த எண் தாண்டியதும் ஏழு வினாடிக்குள் 456 மெகாவாட் காணாமல் போனது. அந்தப் பாரம் முழுக்க விக்டோரியாவிலிருந்து மின்சாரம் கொண்டுவரும் ஹேவுட் இணைப்பின் மேல் விழ, அது துண்டித்துக்கொண்டது. காற்று நின்றதால் வந்த இருட்டு இல்லை. ஆனால் காற்றாலைக்குச் சம்பந்தமே இல்லை என்பதும் பொய். அமைப்பை மாற்றினார்கள். 2017-ல் அதே மாநிலத்தின் ஹார்ன்ஸ்டேலில் 100 மெகாவாட் பேட்டரியும் வந்தது. எந்தக் கட்சிக்கும் இந்த விவரம் தேவைப்படவில்லை.

வெயில்காலன்:
அந்த வருடம்தான் லிபரல் நிதியமைச்சர் ஸ்காட் மோரிசன் நாடாளுமன்றத்துக்கு நிலக்கரித் துண்டை எடுத்துவந்து, பயப்படாதீர்கள் என்று காட்டினார். 2018-ல், மின்சாரத்தின் நம்பகத்தையும் உமிழ்வுக் குறைப்பையும் ஒன்றாகக் கையாள நினைத்த தேசிய எரிசக்தி உத்தரவாதத் திட்டத்தோடு லிபரல் பிரதமர் டர்ன்புல்லின் பதவியும் போனது. கவிழ்த்தது சொந்தக் கட்சி. நாற்பது வருடம் ஓடவேண்டிய நிலையத்தில், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாறும் விதியை நம்பி யார் பணம் போடுவான்?

கணக்கன்:
டர்ன்புல்லை ஏன் இழுக்கிறீர்கள்? நீரை மேலேற்றி மின்சாரம் சேமிக்கும் ஸ்னோவி 2.0 திட்டம் அவர் குழந்தைதான். 2 பில்லியன் டாலர் என்று ஆரம்பித்து 12 பில்லியன் ஆனது. ஃப்ளோரன்ஸ் என்ற சுரங்கம் குடையும் எந்திரம் கொஞ்சதூரம் போய், பொலபொலவென்ற மண்ணில் மாதக்கணக்கில் சிக்கி நின்றது. காற்றும் வெயிலும் மலிவு என்கிறீர்கள். சரி. அவை இல்லாத இரவுக்குச் சேமிப்பு, அங்கிருந்து நகரத்துக்குக் கம்பி, இதெல்லாம் யார் கணக்கில்? அணுஉலை ஒன்றே வழி.

வெயில்காலன்:
அணுஉலையும் சேர்ந்த மின்திட்டத்துக்கு 331 பில்லியன் டாலர் என்று 2024-ல் எதிர்க்கட்சியாக இருந்த லிபரல் கூட்டணி காட்டிய கணக்கில், எதிர்கால மின்தேவையே அரசின் கணக்கைவிடக் குறைவாக வைக்கப்பட்டிருந்தது. குறைவாகச் சாப்பிட்டால் குறைவாகத்தான் செலவாகும். அணுமின்சாரத்துக்குத் தடை போட்டதும் 1998-ல், ஜான் ஹோவர்டின் லிபரல் ஆட்சியில். 2013 முதல் 2022 வரை உங்கள் ஆட்களே பிரதமர்கள், மூன்று பேர். ஒருவரும் நீக்கவில்லை.

கணக்கன்:
ஒன்பது வருடம் தூங்கினார்கள், ஒப்புக்கொள்கிறேன். அதற்காகப் பத்தாவது வருடமும் தூங்கவேண்டுமா? தடையை நீக்குங்கள். கட்ட யாரும் வரவில்லை என்றால் உங்கள் பேச்சு சரி என்று தெரிந்துபோகும்.

வெயில்காலன்:
தனியார் யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்துதானே, ஏழு இடத்திலும் அரசே கட்டி அரசே வைத்துக்கொள்ளும் என்று 2024-ல் லிபரல் தலைவராக இருந்த பீட்டர் டட்டன் அறிவித்தார்! சந்தையை நம்பும் கட்சி அது.