டர்பன் ‘கோவெண்டர்’ குடும்பம்: கப்பல் பட்டியல் வழியாகக் குடியாத்தம் வரை தேடுவது எப்படி?

திருச்சி மருமகள்

எல்லாருக்கும் வணக்கம். என் கணவர் வீட்டார் தென்னாப்பிரிக்கா, டர்பன், சாட்ஸ்வொர்த். குடும்பப் பெயர் கோவெண்டர். அந்தப் பெயரின் வேரைத் தேடுகிறேன். கையில் இருப்பவை இவை.

மாமனாரின் முழுப் பிறப்புச் சான்றிதழ், 1941: தந்தை பெயர் முனியன் கோவெண்டர். அந்த முனியன் தாத்தாவின் மரண அறிவிப்பு, 1967: வயது 59, பிறந்த இடம் மவுண்ட் எட்ஜ்கம்ப் (டர்பன் பக்கத்துக் கரும்புத் தோட்டம்), பெற்றோர் பெருமாள், லட்சுமி. பெற்றோர் பெயருக்குப் பின்னால் எதுவும் இல்லை. முனியன் தாத்தாவின் தம்பி வழியில் வந்தவர்கள் கோவெண்டர் போடுவதில்லை. ‘பெருமாள்’ என்பதுதான் அவர்களுக்குக் குடும்பப் பெயர். பூர்வீகம் "குடியாத்தம் பக்கம்" என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். ஊர் தெரியாது.

ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் வந்தவர்களைப் பதிந்த கப்பல் பட்டியலில் கோவெண்டர் என்று தேடினால் உருப்படியாக எதுவும் வரவில்லை. பெருமாள் என்று தேடினால் வந்துகொண்டே இருக்கிறது. இரண்டு கிளையும் ஒரே குடும்பம்தானா, எங்கள் பெருமாள் எந்தக் கப்பலில் வந்தார் என்று எப்படி உறுதி செய்வது? வழி சொல்லுங்கள்.

நேட்டால் ஏடு

வணக்கம் சகோதரி. குடும்பப் பெயரை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். நீங்கள் தேட வேண்டியது எண்.

1860 நவம்பர் 16-ல் மதராஸிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் டர்பனில் வந்து நின்றது முதல் 1911 வரை, டர்பன் இருந்த நேட்டால் காலனிக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும், கைக்குழந்தை உட்பட, ஒரு காலனி எண் கொடுத்தார்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்து வேறு தோட்டத்துக்குப் போனாலும், ரயில்வேயில் சேர்ந்தாலும் அந்த எண் மாறாது. பெயரைத்தான் ஒவ்வொரு குமாஸ்தாவும் தன் காதில் விழுந்தபடி எழுதினார். அதனால் ஆயிரம் பெருமாள்களில் உங்கள் பெருமாளைப் பிரித்துக் காட்டக்கூடியது அந்த எண் ஒன்றுதான்.

எண் எங்கே கிடைக்கும்? முதலில் முனியன் தாத்தாவின் பிறப்புப் பதிவு. 1967-ல் 59 வயது என்றால் 1908-ஐ ஒட்டி. ஒப்பந்தத்தில் வந்தவர்களின் பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர் அலுவலகத்தில் பதிவாயின. அந்தப் பிறப்புப் பதிவில் தந்தையின் எண், தாயின் எண் இரண்டும் இருக்கும். தென்னாப்பிரிக்க உள்துறை அலுவலகத்தில் விண்ணப்பிக்கும்போது கணினியில் அடித்துத் தரும் சான்றிதழ் வேண்டாம். அதில் எண் வராது. கையால் எழுதிய மூலப் பதிவின் நகல், அங்கே ‘வால்ட் காப்பி’ என்பார்கள், அதைக் கேளுங்கள்.

இங்கேதான் பலர் இடறுகிறார்கள். 1908-ல் பிறந்த பிள்ளைக்குப் பதிவேட்டில் ‘முனியன்’ என்ற ஒற்றைப் பெயர் மட்டுமே இருக்க வாய்ப்பு அதிகம். கோவெண்டர் என்று விண்ணப்பித்தால் "பதிவு இல்லை" என்று பதில் வரும். பதிவு இருக்கும், வேறு எழுத்தின் கீழ் இருக்கும். ஆகவே விண்ணப்பத்தில் முனியன், தந்தை பெருமாள், தாய் லட்சுமி, மவுண்ட் எட்ஜ்கம்ப், 1906 முதல் 1910 வரை என்று எழுதுங்கள். மரண அறிவிப்பில் உள்ள வயது பிள்ளைகள் சொன்னது; இரண்டு வருடம் முன்பின் இருக்கும்.

அது கிடைக்காவிட்டால் தம்பியின் பதிவு, அக்கா தங்கைகளின் பதிவு. பெற்றோர் ஒருவரே என்பதால் யாருடையது கிடைத்தாலும் அதே இரண்டு எண்கள்தான். உங்கள் முதல் கேள்விக்கும் பதில் இதிலேயே வந்துவிடும்: இரு கிளையின் பதிவிலும் பெற்றோர் எண் ஒன்றாக இருந்தால் ஒரே குடும்பம். குடும்பப் பெயர் வேறாக இருப்பதைப் பொருட்படுத்த வேண்டாம்.

அடுத்து பீட்டர்மரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகம். தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத் தேடலில் ‘என்ஏபி’ (NAB) என்ற தொகுப்பைத் தேர்ந்தெடுத்துத் தேடுங்கள். ‘எம்எஸ்சிஇ’ (MSCE) என்று குறியிட்டவை இறந்தவர்களின் சொத்துக் கோப்புகள். ‘ஐஐ’ (II) என்றால் பாதுகாவலர் அலுவலகக் கோப்புகள். சொத்துக் கோப்பின் விவரக் குறிப்பில் ஒருவருக்கு இருந்த இரண்டு மூன்று பெயர்களையும் ‘என்கிற’ போட்டு அடுக்கியிருப்பார்கள். பெருமாளுக்கு அப்படி ஒரு கோப்பு இருந்தால், கோவெண்டர் எப்போது ஒட்டிக்கொண்டது என்பது அதிலேயே தெரியும். எண் கிடைத்த பிறகு, பெயரே போடாமல் வெறும் எண்ணை மட்டும் தேடல் பெட்டியில் இட்டும் பாருங்கள். ‘ஐஐ’ கோப்புகளின் தலைப்பில் ஆளின் பெயருக்குப் பக்கத்தில் எண்ணும் வருவது உண்டு. முறையீடு, இடமாற்றம், ஊர் திரும்ப விண்ணப்பம் போன்றவை அப்படி அகப்படும்.

வீட்டில் பழைய டிரங்குப் பெட்டி இருந்தால் ஒப்பந்தம் முடிந்ததற்கான விடுதலைச் சான்றிதழைத் தேடச் சொல்லுங்கள். அதிலும் எண் உண்டு.

செங்கம் செல்வி

மேலே சொன்னது முழுக்கச் சரி. பெயரைப் பற்றி மட்டும் கொஞ்சம்.

கோவெண்டர் என்பது நம்ம ஊர் கவுண்டர்தான். ‘கவுண்டன்’ என்ற எழுத்துக்கூட்டலும் அங்கே தனிக் குடும்பப் பெயராக நிற்கிறது. இதோடு ‘கோவிந்தன்’ என்ற ஆள் பெயரிலிருந்து வந்த குடும்பப் பெயரும் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதும்போது மூன்றும் ஒன்றோடொன்று கலந்துவிடும். கையெழுத்துப் பதிவில் கடைசி எழுத்து ‘ஆர்’ஆ ‘என்’ஆ என்று உருப்பெருக்கிப் பாருங்கள். அந்த ஓர் எழுத்துக்காகவே தவறான குடும்பத்தோடு போய் ஒட்டிக்கொண்ட வம்சாவளிகள் இணையத்தில் நிறைய உலவுகின்றன.

கவுண்டர் பட்டம் ஒரு சாதிக்கு உரியது என்று எண்ண வேண்டாம். கொங்குப் பகுதியில் வேளாளர். பழைய சேலம், வடஆர்க்காடு ஜில்லாக்களில் வன்னியரும் கவுண்டர்தான். குறும்பக் கவுண்டரும் உண்டு. அதே வன்னியர் தென்னார்க்காட்டில் படையாச்சி, செங்கல்பட்டில் நாயக்கர். டர்பனில் இவை மூன்றும் மூன்று குடும்பப் பெயர்களாகப் பிரிந்து போய்விட்டன. ஆகவே பட்டத்தையும் ஜில்லாவையும் சேர்த்து வைத்துத்தான் படிக்க வேண்டும். குடியாத்தம் என்று வீட்டில் சொல்வதும் கவுண்டர் என்பதும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை, நல்ல அறிகுறிதான்.

உங்கள் வீட்டில் நடந்திருப்பது வழக்கமான ஒன்று. பள்ளியிலோ பதிவாளரிடமோ "சர்நேம்" என்று கேட்டபோது அண்ணன் பட்டத்தைச் சொன்னார், தம்பி அப்பா பெயரைச் சொன்னார். முனுசாமி, பெருமாள், முனியன், ஆறுமுகம் எல்லாம் அங்கே குடும்பப் பெயர்களானது இப்படித்தான். கப்பல் பட்டியலிலும் ‘கோவெண்டர்’ என்று தேடாதீர்கள். பெயர்ப் பத்தியில் ‘பெருமாள்’ என்று மட்டும் இருக்கும். பட்டம் வந்தால் சாதிப் பத்தியில் வரும்.

திருச்சி மருமகள்

மிக்க நன்றி ஐயா, நன்றி செல்வி அக்கா. தம்பி வழி அண்ணியிடம் கேட்டேன், அவர்கள் தாத்தாவின் பழைய பிறப்புப் பதிவு நகல் இருக்கிறதாம், அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். எண் கிடைத்தால் பட்டியலில் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்? சாதிப் பத்தியில் கவுண்டர் என்று இருந்தால் அவர்தான் என்று எடுத்துக்கொள்ளலாமா?

நேட்டால் ஏடு

அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். சாதிப் பத்தி, ஆள் சேர்க்கும் இடத்தில் வாயால் சொன்னதை எழுதியது. தங்கள் சாதியை மாற்றிச் சொன்னவர்களும் உண்டு. எழுதியவருக்குப் புரியாமல் ‘மலபார்’ என்று பொத்தாம்பொதுவாகப் போட்டதும் உண்டு. அதில் உள்ளதை வைத்து ஒரு குடும்பத்தை ஏற்றவோ இறக்கவோ யாருக்கும் உரிமை இல்லை; அடையாளம் காண உதவும் பல குறிப்புகளில் அது ஒன்று, அவ்வளவே.

பட்டியலில் இருக்கும் பத்திகள்: எண், பெயர், தந்தை பெயர், வயது, பால், சாதி, உயரம், ஜில்லா, தாலுகா, கிராமம், உடலடையாளம், முதலாளி. இதில் தந்தை பெயர்ப் பத்தியை முதலில் பாருங்கள். இந்தியாவில் இருந்துவிட்ட ஒரு தலைமுறையின் பெயர் இந்த ஒரு இடத்தில்தான் கிடைக்கிறது. உடலடையாளம் என்பது மச்சம், தழும்பு போன்றவை. தோட்டத்தை விட்டு ஓடினால் பிடிப்பதற்காக எழுதியது. இன்று அந்த ஒரு வரிதான் பல குடும்பங்களுக்கு மூதாதையின் உருவம் பற்றி எஞ்சியிருப்பது.

லட்சுமியின் எண்ணைக் கட்டாயம் பாருங்கள். அது பெருமாளின் எண்ணை ஒட்டி அடுத்ததாக இருந்தால் இருவரும் ஒரே கப்பலில், குடும்பமாகவோ ஒரே டிப்போவில் (கப்பல் ஏறுமுன் தங்கவைத்த முகாம்) சேர்ந்தோ வந்திருக்கிறார்கள். பல ஆயிரம் தள்ளி இருந்தால் நேட்டாலில் திருமணம். எதுவானாலும் முன்னும் பின்னும் இருபது எண்களைப் படியுங்கள். அண்ணன் தம்பி, மாமன் மச்சான், ஒரே கிராமத்துக்காரர்கள் அடுத்தடுத்து நிற்பார்கள்.

முதலாளிப் பத்தியில் மவுண்ட் எட்ஜ்கம்ப் இல்லையென்றால் பதற வேண்டாம். அது வந்து இறங்கியபோது ஒதுக்கப்பட்ட இடம். பிள்ளை பிறப்பதற்குள் வேறு தோட்டம் போயிருக்கலாம்.

இன்னொன்று. 1908-ல் பிள்ளை பெற்ற பெருமாள் நேட்டாலிலேயே பிறந்தவராகவும் இருக்கலாம். 1866-ல் நின்ற கப்பல் போக்குவரத்து 1874-ல் மறுபடி தொடங்கியது. அப்போது வந்தவர்களின் பிள்ளைகளுக்கு 1908-ல் முப்பது வயது ஆகியிருக்கும். அப்படியானால் பட்டியலில் பெருமாளைத் தேடிப் பயனில்லை. அவருடைய பிறப்புப் பதிவைப் பிடித்து, அவர் பெற்றோரின் எண்ணுக்குப் போக வேண்டும்.

பட்டியலின் தட்டச்சு வடிவம் குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில், காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் இருக்கிறது. எண் தெரிந்தால் நேராக அந்த வரிக்குப் போய்விடலாம். தெரியாமல் பெயரை வைத்துத் தேடினால் முதல் மூன்று எழுத்தோடு நிறுத்தி ஜில்லா, வயது, பால் மூன்றாலும் சல்லடை போடுங்கள். வயதில் ஐந்து வருடம் முன்பின் விடுங்கள். ‘ஊ’ ஒலிக்கு இரட்டை ‘ஓ’ (oo) போடுவது அந்தக் காலக் குமாஸ்தாக்களின் வழக்கம். ‘ழ’வும் ‘ள’வும் ‘எல்’ ஆகிவிடும். தட்டச்சு செய்தபோது நேர்ந்த பிழைகளும் உண்டு என்பதால் கடைசியில் மூலப் பதிவேட்டின் படத்தோடு ஒப்பிடாமல் விடாதீர்கள்.

எண்ணே எங்கும் இல்லையென்றால், அவர்கள் சொந்தச் செலவில் வந்த ‘பாசஞ்சர்’ இந்தியர்களா என்று பார்க்க வேண்டும். மொரீஷியஸ் வழியாக வந்த தமிழர்களும் அதில் உண்டு. அவர்களுக்குக் கப்பல் பட்டியல் இல்லை; 1897-க்குப் பிறகான குடியேற்றக் கட்டுப்பாட்டுத் துறைக் கோப்புகள், தேடலில் ‘ஐஆர்டி’ (IRD), அங்கே போக வேண்டும். மவுண்ட் எட்ஜ்கம்ப் தோட்டத்தில் பிள்ளை பிறந்த குடும்பத்துக்கு அது தேவைப்படாது என்றே நினைக்கிறேன்.

பாலாற்றங்கரை

கிராமம் கிடைத்த பிறகு இங்கே வந்து தேடுபவர்கள் தவறும் இடம் எல்லை. பட்டியலில் உள்ள ஜில்லாவும் தாலுகாவும் அன்றைய மதராஸ் மாகாணத்தவை. இன்றைய வரைபடத்தில் அப்படியே தேடினால் ஊர் மாறிப் போகும்.

அன்றைய வடஆர்க்காட்டில் குடியாத்தம், வேலூர், ஆற்காடு, வாலாஜா, ஆரணி, போளூர், வந்தவாசி மட்டுமல்ல. சித்தூர், சந்திரகிரி, பலமநேரும் இருந்தன. 1911-ல் சித்தூர் தனி ஜில்லாவானபோது அவை போய்விட்டன, இப்போது ஆந்திரம். அதே சமயத்தில்தான் திருப்பத்தூர் தாலுகா சேலத்திலிருந்து வடஆர்க்காட்டுக்கு வந்தது. வாணியம்பாடிப் பக்கத்துக்காரருக்குப் பட்டியலில் ‘சேலம்’ என்று இருப்பது அதனால்தான். 1989-ல் திருவண்ணாமலை பிரிந்தது, 2019-ல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. குடியாத்தம் தாலுகாவிலிருந்தே பேரணாம்பட்டு பின்னால் தனியானது. ஆக, "குடியாத்தம் பக்கம்" என்ற வீட்டுச் சொல், இன்றைய ஆந்திர எல்லைக்கு அப்பால் உள்ள ஊரையும் குறிக்கலாம்.

கிராமப் பெயரை உரக்கச் சொல்லிப் பாருங்கள். பட்டி, பாடி, பேட்டை, பள்ளி என்ற ஈறுகள் ஆங்கிலக் கையெழுத்தில் ஒன்று போலவே தெரியும். பிறகு 1951, 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேடுகளை எடுங்கள். தாலுகா வாரியாகக் கிராமப் பட்டியல் இருக்கும், பழைய எல்லையும் அதிகம் கலையாத காலம். மேல்பட்டி போல ஒரே பெயர் பல தாலுகாவில் வரும் என்பதால் தாலுகா பொருந்தாத ஊரை எடுக்கவே கூடாது.

கிராமத்தில் என்ன கிடைக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலப் பிறப்புப் பதிவை எதிர்பார்க்காதீர்கள். மதராஸில் அதற்கான சட்டமே 1899-ல்தான் வந்தது, பெருமாளின் பிறப்பு அதற்கு முன். நிலத்துக்கு செட்டில்மெண்ட் பதிவேடு, அ-பதிவேடு உண்டு. சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் தாலுகா அலுவலகத்திலும் கேட்கலாம். ஆனால் அவற்றில் பட்டாதாரர் பெயர்தான் இருக்கும். கப்பல் ஏறியவர்களில் பெரும்பாலோர் நிலமில்லாதவர்கள். பெயர் இல்லை என்பதை வைத்து ஊர் தவறு என்று தீர்மானித்துவிடாதீர்கள்.

அதைவிடப் பயன் தருவது குலதெய்வம். உங்கள் மாமியாரிடம், வீட்டுப் படையலில் எந்தச் சாமி பெயரை முதலில் சொல்வார்கள், என்ன பலி, எந்த மாதம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கெங்கையம்மன் என்று சொன்னால் குடியாத்தம் வட்டாரத்துக்கு நன்றாகப் பொருந்தும். வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா அங்கே பெரிய விழா. ஆனால் அந்த அம்மன் வேலூர், சித்தூர் முழுக்க இருக்கிறாள். பட்டியலில் உள்ள கிராமத்தோடும் தந்தை பெயரோடும் சேர்ந்து வந்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஊருக்குப் போகும்போது கப்பல் பட்டியலின் அந்த ஒரு வரியைத் தமிழில் எழுதி எடுத்துப் போங்கள்: பெருமாள், தகப்பன் பெயர், வயது, புறப்பட்ட வருடம். சாதிப் பத்தியை அதில் சேர்க்காதீர்கள். கோயில் பூசாரி, முன்னாள் கர்ணம் வீட்டார், ஊர்ப் பெரியவர் என்று தனித்தனியாகக் கேளுங்கள். கூட்டமாக வைத்துக் கேட்டால் முதலில் ஒருவர் சொன்னதையே மற்றவர்களும் சொல்வார்கள்.

செங்கம் செல்வி

தங்கச்சி, அண்ணி அனுப்பும் பதிவு நகலில் எண் மங்கலாக இருந்தால் ஊகித்து எழுதிவிடாதீர்கள். 1-ம் 7-ம், 3-ம் 8-ம் மாறினால் வேறொரு கப்பலுக்கே போய்விடும். சாத்தியமான எல்லா எண்களையும் பட்டியலில் பார்த்து, பெருமாள் என்ற பெயர் எதில் நிற்கிறது என்று பாருங்கள். பெயரை மறைத்துவிட்டு எண் வரியின் படத்தை மட்டும் இங்கே போட்டால் நாங்களும் படித்துச் சொல்கிறோம்.