‘பூஸ் கி ராத்’ கதைக்கு ஜப்ரா தேவையா?

கரிசல்காட்டான்:
இந்தி எழுத்தாளர் பிரேம்சந்த் 1930ல எழுதின ‘பூஸ் கி ராத்’ (குளிர் மாச ராத்திரி) சிறுகதை இப்பதான் படிச்சேன். தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்றேன், ஹல்குன்னு ஒரு ஏழை விவசாயி, கம்பளி வாங்க சேத்து வச்ச மூணு ரூபாயையும் கடனுக்கு சஹ்னாகிட்ட குடுத்துட்டு கொல்லுற குளிர்ல வயக்காவலுக்கு போறான், கூட வீட்டு நாய் ஜப்ரா. ராத்திரி நீலான்னு சொல்ற பெரிய மான் மாதிரி மிருகங்க கூட்டமா வந்து பயிர மேஞ்சிருது, இவன் நெருப்பு காஞ்ச இடத்த விட்டு எழும்பல. என்னைக் கேட்டா நாய் தேவையே இல்ல. நாய் வந்ததும் நமக்கு கண்ணு கலங்கிருது, கடன் மேல வர வேண்டிய கோவம் அமுங்கிப்போகுது.

வாசகி77:
எனக்கு நேர்மாறா இருந்துச்சுங்க. குளிர் தாங்காம ஜப்ராவ மடியில போட்டு கட்டிக்கிறான்ல, அது மேல நாத்தம் அடிக்குது, ஆனாலும் அவனுக்கு சுகமா இருக்கு, துளி அருவருப்பு இல்ல. அந்த மூணு ரூபா போனதுன்னா என்னன்னு அங்கதான் உறைச்சுது. நாய எடுத்துட்டா கடன் வெறும் கணக்கா நிக்கும்.

கரிசல்காட்டான்:
சரி, அது ஒரு பத்தி. அப்புறம் மாந்தோப்பு சருக கூட்டி நெருப்பு போட்டு அவன் தாண்டி குதிக்கிறான், ஜப்ரா சுத்தி வருது, ‘அது செல்லாது, தாண்டி வா’ன்னு சொல்றான். அழகுதான். கதைக்கு என்ன பிரயோசனம்?

டீக்கடைபெஞ்சு:
அண்ணே அந்த கடைசி பகுதிய திரும்ப படிங்க. ஜப்ரா இருக்கும்போது எந்த மிருகமும் உள்ள வராதுன்னு தனக்குத்தானே சொல்லிக்கிறான், மேயுற சத்தம் காதுல விழுது, எழுந்து ரெண்டு மூணு அடி வைக்கிறான், காத்து அடிச்சதும் திரும்பி வந்து சாம்பல்கிட்ட உக்காந்துடுறான். அவ்வளவு நேரமும் ஜப்ரா தொண்ட கிழிய கத்திகிட்டே இருக்கு. அந்த சத்தம் இல்லன்னா பாவம் அசந்து தூங்கிட்டான்னு நாம விட்டுருவோம். நாய் கத்துறதாலதான் அவன் தெரிஞ்சே விட்டான்னு ஆகுது, மொத்த கதையும் அதுலதான் நிக்குது.

கரிசல்காட்டான்:
தம்பி எனக்கு பிடிக்காததே அதுதான். நாய் கடமைய செய்யுது விவசாயி செய்யலன்னு ஆயிடுதே. எங்க வீட்லயும் விவசாயம்தான், ராக்காவல் என்னன்னு தெரியும், கம்பளி இல்லாதவன் எழும்பலன்னா அவன் மேல என்ன குத்தம்?

டீக்கடைபெஞ்சு:
குத்தம்னு நான் சொல்லலண்ணே. விளைஞ்சாலும் அது கடனுக்குத்தான் போகும், அவன் பொண்டாட்டி முன்னி ஆரம்பத்துலயே இந்த விவசாயத்த விடுங்கன்னு சொல்லிட்டா. ஹல்குவுக்கு அது தெரியும். ஜப்ராவுக்கு கடன் தெரியாது, நம்ம வயல்னு மட்டும்தான் தெரியும், அதான் விடாம போராடுது.

வாசகி77:
நீங்க ரெண்டு பேரும் ஜப்ராவ ஹல்குவ அளக்கவே வச்சிருக்கீங்க, அது பட்ட கஷ்டத்தையும் கொஞ்சம் பாருங்க. காலைல முன்னி வந்து பாக்குறப்போ ஹல்கு சந்தோஷமா இருக்கான், இனி குளிர்ல இங்க படுக்க வேண்டாம்னு. ஜப்ரா உயிரே இல்லாத மாதிரி மல்லாந்து கிடக்கு. ராத்திரி முழுக்க அது பட்ட பாட்ட அவங்க ரெண்டு பேரும் பேசவே இல்ல, எனக்கு மனசு ஆறல.

கரிசல்காட்டான்:
நான் அது செத்துப்போச்சுன்னே படிச்சேன் மா.

வாசகி77:
‘மாதிரி’ன்னுதான் எழுதியிருக்கார். நான் உயிரோட இருக்குன்னே வச்சுக்கறேன்.